எத்தனை சிலிண்டர் என்று கேட்காத பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலட்டை குளிக்கப் போன இளைஞர் ஒருவர் கரைக்கு வந்ததும் சுருண்டு விழுந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்று உங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில் நாலு வரிச் செய்தி பார்த்தேன். மாரடைப்பாகவும் இருக்கலாம்; நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எவ்வளவு ஆழம், எத்தனை தரம் இறங்கினார் என்று அந்த நாலு வரியில் ஒன்றுமில்லை. அதைக் கேட்காமல் விட்ட பிழையை நானும் செய்தவன்.

அப்போது கிழக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் புது டொக்டர். ஒரு பின்னேரம் சங்கு குளிக்கிற ஒருவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். "மூட்டுக்குள்ள ஆரோ துறப்பணம் போடுற மாதிரி இருக்கு டொக்டர்" என்றார். அழுத்திப் பார்த்தேன். வீக்கமில்லை, சிவப்பில்லை. சுளுக்கு என்று துண்டில் எழுதி, வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். விடிய நாலு மணிக்கு அவரைச் சாரத்தில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. சலம் போகவில்லை, வயிறு கல்லுப் போல இருந்தது. குழாய் போட்டு, பை நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எத்தனை சிலிண்டர் காற்று முடித்தார் என்று கேட்டேன். "அஞ்சு. அவ்வளவுதான் டொக்டர்." முப்பது மீற்றர் ஆழத்தில்.

முப்பது மீற்றரில் உடம்பின் மேல் தரையில் இருப்பதைப் போல நாலு மடங்கு அமுக்கம். சிலிண்டர் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். ஆறுதலாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். விறுவிறென்று வந்தால் குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி, முள்ளந்தண்டில் வந்தால் கால் போய்விடும். எவ்வளவு நேரத்தில் ஏற வேண்டும் என்று ஹால்டேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி ஆடுகளை வைத்துப் பரிசோதித்து அட்டவணை போட்டது 1908இல். நிலாவெளியில் சுற்றுலாப் பயணி கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கிற டைவ் கொம்பியூட்டர் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார். நம்முடைய பெடியள் பலரிடம் ஒரு மணிக்கூடும் கிடையாது.

கடற்கரையில் ஒரு கிழவர் இதைக் 'காத்து' என்று சொன்னார். பேய் பிடித்தாலும் அதே சொல்தான், அதனால் சிலர் நூல் கட்டவும் போகிறார்கள். காற்றுத்தான் காரணம் என்ற அளவில் கிழவர் சொன்னது சரி! எண்ணெய் போட்டு உருவுவதால் குமிழி கரையாது. திரும்பக் கடலில் இறங்கினால் வலி விடும் என்பதும் குளிக்கிறவர்களுக்குத் தெரியும். உண்மையிலேயே விடும், ஆனால் இன்னும் நைதரசனை ஏற்றிக்கொண்டு முன்னதிலும் மோசமாக வருவார்கள். செய்ய வேண்டியது நோயாளியைப் படுக்க வைத்து, முகமூடியால் ஒட்சிசனை முழுதாகக் கொடுத்து, காற்றின் அமுக்கத்தைக் கூட்டிக் குமிழியைக் கரைக்கிற அமுக்க அறைக்கு அனுப்புவது. அந்த அறை கொழும்பில் தேட வேண்டியதில்லை, திருமலையிலேயே கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அது நினைவில்லாமல் கண்டிக்கு அம்புலன்ஸ் ஏற்றினால், கண்டி கிட்டத்தட்ட ஐந்நூறு மீற்றர் உயரம். மேலே போகப் போக வெளி அமுக்கம் குறையும், குமிழி பெருக்கும்.

அந்த மனிதருக்குப் பிறகுதான் நான் இந்த அமுக்க அறைச் சிகிச்சைப் படிப்புக்கே போனேன். அவுஸ்திரேலியாவில் அமுக்க அறைக்குள் நோயாளியோடு உதவிக்கு உட்காரும் வேலை. கதவு பூட்டி அமுக்கம் ஏற ஏற உள்ளே வெக்கை, காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்கத்தை இறக்கும்போது குளிர்ந்து பனிப்புகார் போல மூடும். சுழியோடிக்கான வழமையான சிகிச்சை பதினெட்டு மீற்றர் ஆழத்து அமுக்கத்தில் தொடங்கி ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இருபது நிமிடம் ஒட்சிசன், ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று என்று மாறி மாறிப் போகும், ஏனென்றால் அந்த அமுக்கத்தில் ஒட்சிசனே வலிப்பைக் கொண்டுவரலாம்.

அதே அறைக்குள் காலையில், ஒட்சிசனால் புண் ஆறட்டும் என்று சலரோகப் புண்காரர் வருவார்கள். அங்கே குடியேறிய யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர், ஊருக்கு வந்தபோது உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் வீதி சுற்றி உள்ளங்கால் வெந்தவர். சலரோகத்தால் கால் மரத்திருந்ததால் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நம்முடைய கோணேசர் மலைக்கு ஏறுகிற சலரோகக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும். ஆச்சியிடம் நான் மல்லுக்கட்டியது தலை எண்ணெய்க்காக. ஒட்சிசன் உள்ள இடத்தில் எண்ணெய் நெருப்பை வளர்க்கும், முழுகிவிட்டு வாருங்கள் என்றால், "எண்ணெய் இல்லாமல் தலை வெடிக்குமடா" என்பார். முப்பது நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம். புண் ஆறியது. ஆனால் அறை மட்டும் ஆற்றியதாகச் சொல்ல மாட்டேன். செத்த சதையை வெட்டி எடுத்ததும், காலில் பாரம் படாமல் விசேட சப்பாத்துப் போட்டதும்தான் பெரும் பங்கு. அவை இங்கேயும் செய்யக்கூடியவை.

என்னுடைய கேட்பு சின்னது. குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கடலோர ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் துண்டில் ஒரு றப்பர் முத்திரை குத்தட்டும்: 'கடலில் சுழியோடியவரா? எத்தனை சிலிண்டர்? கடைசியாக மேலே வந்தது எத்தனை மணிக்கு?' முத்திரை செய்விக்கிற செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வைத்தியர்,
உப்புவெளி, திருகோணமலை.