வம்சாவளிப் படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் முன்னோரைத் தேடும் நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காகத் தாங்கள் வெளியிட்ட மாதிரிப் படிவத்தில் ‘இனம்’, ‘தாய்நாடு’ என்று இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கண்டு இதை எழுதுகிறேன். நம்மவர்கள் அவற்றில் ‘இந்தியர்’, ‘இந்தியா’ என்று ஒரே மூச்சில் எழுதி, பாட்டன் முதல் பேரன் வரை அதையே கீழே இறக்கிக்கொண்டு போகிறார்கள். அப்படி எழுதுவதால் எவ்வளவு செய்தி அழிந்துபோகிறது என்பதை என் குடும்பத்திலேயே கண்டவள் நான்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த டுரூரோ கப்பலில் 342 பேர் இந்நாட்டின் நேட்டால் கரையில் இறங்கினார்கள். அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதிவைத்த கப்பல் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஊர் வரைக்கும் இறங்கிச் சொல்லும் ஆவணம் இருக்கும்போது ‘இந்தியா’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது அந்த முன்னோர்களுக்கு நாம் செய்யும் குறை என்றே கருதுகிறேன்.

என் கொள்ளுத்தாத்தாவின் பதிவில் ஜில்லா ‘வட ஆற்காடு’ என்றும், சாதிக்குரிய இடத்தில் ‘ஜென்டூ’ என்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் வேலூர்ப் பக்கம் என்று நம்பியிருந்தோம். என் தம்பி அங்கே போய் இரண்டு வாரம் அலைந்தும் அந்த ஊர்ப் பெயரை அறிந்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை அப்பகுதியின் பெரும்பங்கு வட ஆற்காட்டில்தான் இருந்தது என்பதும், ஐரோப்பியர் ‘ஜென்டூ’ என்று குறித்தது தெலுங்கு பேசியவர்களை என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. கொள்ளுத்தாத்தா வீட்டில் பேசியது தெலுங்கு. மணமுடித்த இடத்தில் தமிழ் வந்து சேர்ந்திருக்கிறது. இதேபோல் ‘மலபார்’ என்று கண்டதும் கேரளம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயரால் அழைத்தார்கள். ரியூனியன் தீவில் தமிழ் வழித்தோன்றல்களுக்கு இன்றும் ‘மல்பார்’ என்பதே பெயர்.

தாய்நாடு என்ற கட்டமும் அப்படித்தான். வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாமல் மறைந்த என் தாத்தாவின் பெயருக்கு எதிரே எந்த நாட்டை எழுதுவது? 1961 வரை இந்நாட்டு அரசு நம்மை நிரந்தரக் குடிகளாக ஏற்காமல், திருப்பி அனுப்ப வேண்டிய அயலாராகவே எண்ணியது. தாத்தாவின் பெயருக்கு எதிரே ‘இந்தியா’ என்று எழுதும்போது அந்த அரசின் வாதத்துக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம்.

எனக்கு நெஞ்சு வலிப்பது ‘இனம்’ என்ற கட்டத்தைப் பார்க்கும்போதுதான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் தோற்றத்தையும் ஊரார் ஏற்பையும் பார்த்து மனிதரை வகைப்படுத்தியது. முதலில் வெள்ளையர், கலர்ட் (கலப்பு வம்சத்தவர்), நேட்டிவ் (ஆப்பிரிக்கர்) என்று மூன்றே பிரிவுகள். கலர்ட் பிரிவுக்குள் அடங்கியிருந்த இந்தியர் பிறகே தனியாகப் பிரிக்கப்பட்டனர். என் தகப்பனாரின் தங்கை கலர்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்தபோது நாங்கள் இந்தியருக்கு ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கும் அத்தை வீட்டார் கலர்ட் மக்களுக்கு ஒதுக்கிய வெண்ட்வொர்த்துக்கும் போனோம். ஒருநாள் அத்தையின் மூத்த மகன் எங்கள் சாப்பாட்டு மேசையில் தன் அடையாள அட்டையை என் அண்ணனின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு படத்திலும் பாட்டியின் அதே அகன்ற நெற்றி. ஒன்றில் ‘இந்தியர்’, மற்றொன்றில் ‘கலர்ட்’. அண்ணன் இரண்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு அவருக்குச் சோறு போட்டார்.

அந்தச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து எங்கள் உறவினர் அச்சிட்ட வம்சாவளியிலோ, அத்தையின் பெயருக்குக் கீழே ‘வேற்றினத்தில் மணம்’ என்ற இரண்டு சொற்களோடு கோடு நின்றுவிட்டது. அவருடைய நான்கு பிள்ளைகளும் அதில் இல்லை. என் பிரதியில் அவர்கள் பெயரை நானே பேனாவால் எழுதினேன்.

இனம், சாதி என்ற சொற்களையே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டியலில் ‘பறையர்’ என்றிருப்பதை மறைத்து வேறு பெயர் போட்டுக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன்; அந்தத் திருத்தத்தால் அவர்கள் மூதாதையின் கப்பல் எண்ணைக்கூடத் தேட முடியாதபடி தடம் அறுந்துபோயிற்று. ஆவணத்தில் இருக்கும் சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் எழுதி, அது எந்த ஆவணம், எந்த ஆண்டு, எழுதியவர் யார் என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அந்த மனிதர் தம்மை என்னவென்று சொல்லிக்கொண்டார், வீட்டில் என்ன மொழி பேசினார் என்பது தெரிந்தால் அதைத் தனியே எழுத வேண்டும். பிறந்த இடத்துக்கு அன்றைய ஜில்லாவும் ஊரும், தெரிந்தால் இன்றைய மாவட்டமும் வேண்டும். உயிரோடிருப்பவர்களின் சாதியை அவர்கள் சம்மதமின்றி அச்சில் ஏற்றவே கூடாது.

ஆகவே அந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு, ‘ஆவணத்தில் உள்ள சொல்’, ‘ஆவணமும் ஆண்டும்’, ‘தாமே சொன்னது’, ‘பிறந்த ஊர்’ என்று நான்கு கட்டங்கள் கொண்ட படிவத்தைத் தாங்கள் மறுபடியும் வெளியிட வேண்டுகிறேன். அத்தையின் பேத்தி வெண்ட்வொர்த்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். திருத்திய படிவம் வந்ததும் அதை முதலில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்