கோச் சாருக்கும் நம்ம பசங்களுக்கும், கடலூர் மேட்சுக்கு முன்னாடி

கோச் சார், வணக்கம். டீம் பசங்களுக்கும் சேத்துதான் எழுதுறேன்.

கடலூர் டீம்கூட ஆடுற அஞ்சு மேட்ச் பாஸ்கெட்பால் சீரீஸ்ல ரெண்டு போச்சு, ரெண்டும் பாண்டில நம்ம கோர்ட்லயே போச்சு. மூணாவது கடலூர்ல, அதுவும் போனா இந்த சீசன் அவ்ளோதான். ரெண்டாவது மேட்ச் முடிஞ்சு வெளிய வரும்போது பாதி பேரு பசங்களுக்கு வெறி இல்ல, ஓடவே மாட்டேங்கிறானுங்கன்னு பேசிக்கிட்டே போனாங்க, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. பசங்க உயிர குடுத்து ஓடுறாங்க சார், அத பாக்குற யாருக்கும் தெரியும். ப்ளான்தான் சரியில்ல, அத நீங்க மாத்தணும், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

ரெண்டு மேட்சுலயும் நம்மள அடிச்சது ஒரே ஒரு ப்ளே. அவங்க லெஃப்ட் ஹேண்ட் பாயின்ட் கார்ட், அதான் பால கொண்டு வந்து ப்ளே நடத்துற நாலாம் நம்பர், ரிங்குக்கு நேரா தள்ளி பால வெச்சுக்கிட்டு நிக்கிறான், நம்ம பதினஞ்சாம் நம்பர் யார மார்க் பண்றாரோ கரெக்டா அவனையே கூப்ட்டு ஸ்க்ரீன் போட சொல்றான், அதாவது வழில நின்னு தன்ன மார்க் பண்ற நம்மாள மறிக்க சொல்றான். நம்ம பதினஞ்சு உயரமான ஆளு, ரிங்க காப்பாத்தணும்னு பின்னாடியே போய்டுறாரு, அப்போ ஃப்ரீ த்ரோ லைன் கிட்ட அவ்ளோ எடம் காலியா கெடக்கு, நாலாம் நம்பர் நிம்மதியா நின்னு போட்டுட்டு போறான். அத பாத்துட்டு கார்னர்ல இருக்குற நம்மாளு பதறி உள்ள வந்தா பால் அந்த கார்னருக்கே போவுது, அங்க இருந்து மூணு பாயின்ட் ஷாட். மூணாவது குவார்ட்டர் முழுக்க இதேதான் நடந்துச்சு, நாம கடைசி வரைக்கும் அதே மாதிரியேதான் நின்னோம்.

பதினஞ்ச பெஞ்ச்ல உக்கார வைங்கன்னு சிலர் சொல்றாங்க. அப்படி பண்ணி ஜெயிச்சவங்களும் இருக்காங்க. 2021ல அமெரிக்காவோட NBA லீக்ல க்ளிப்பர்ஸ் டீம் நம்மள மாதிரியே சொந்த கோர்ட்ல முதல் ரெண்டு மேட்சையும் டல்லஸ்கிட்ட விட்டாங்க, டல்லஸோட லூகா டான்சிச், க்ளிப்பர்ஸ் சென்டர், அதான் ரிங் கிட்ட ஆடுற உயரமான ஆளு, ஸுபாட்ச தேடித்தேடி ஸ்க்ரீனுக்கு இழுத்தாரு, க்ளிப்பர்ஸ் கோச் டைரன் லூ ஸுபாட்ச உக்கார வெச்சுட்டு சின்ன ஆளுங்கள எறக்கி ஏழாவது மேட்ச்ல சீரீஸ எடுத்தாரு. ஆனா அங்க கவாய் லெனர்ட், பால் ஜார்ஜ்னு ரெண்டு மீட்டர ஒட்டி நீளமான ஆளுங்க இருந்தாங்க. நமக்கு பதினஞ்சு வெளிய போனா போர்டுல ரீபவுண்ட் எடுக்க ஒரு ஆள் கெடையாது, அதனால அந்த வழி நமக்கு சரிவராதுன்னுதான் நெனைக்கிறேன்.

நமக்கு ஏத்தது அதே NBAல 2015ல கோல்டன் ஸ்டேட் டீம் பண்ணது. மெம்ஃபிஸ்கிட்ட 2-1னு பின்னாடி இருந்தாங்க. நாலாவது மேட்ச்ல கோச் ஸ்டீவ் கெர் அவரோட சென்டர் ஆண்ட்ரூ போகட்ட கொண்டு போயி மெம்ஃபிஸோட டோனி ஆலனுக்கு மார்க் போட்டாரு. ஆலன் டிஃபென்ஸ்ல புலி, ஆனா வெளிய இருந்து ஷாட் வராது. போகட் அவர கண்டுக்கவே இல்ல, ரிங் பக்கத்துலயே நின்னு உள்ள வர்றவங்கள எல்லாம் தடுத்தாரு, வரிசையா மூணு ஜெயிச்சு 4-2ல முடிச்சாங்க, அந்த வருஷ சாம்பியனும் அவங்கதான்.

கடலூர் டீம்ல அந்த டோனி ஆலன் யாருன்னா பன்னெண்டாம் நம்பர். சும்மா கார்னர்ல நிக்கிறான், ரெண்டு மேட்சுலயும் வெளிய இருந்து ஒண்ணு கூட போடல. பதினஞ்ச அவன்கிட்ட போடுங்க சார். ஸ்க்ரீன் போடுற ஆளுக்கு நம்ம ஒன்பதாம் நம்பர் போகட்டும், அவனுக்கு கை நீளம், கால் வேகம், ஸ்க்ரீன் வந்தா தைரியமா ஸ்விட்ச் பண்ணி, மார்க் பண்ற ஆள மாத்திக்கலாம். ஸ்க்ரீனர் உள்ள ஓடினாலும் அங்க பதினஞ்சு ரெடியா நிப்பாரு, ஷூட்டர் இருக்குற கார்னர விட்டுட்டு யாரும் வர வேண்டியதில்ல. அவங்க கோச்சும் சும்மா இருக்க மாட்டாரு, ரெண்டு மூணு தடவ பாத்துட்டு பன்னெண்டையே ஸ்க்ரீனுக்கு அனுப்புவாரு. அப்போ பதினஞ்சு பின்னாடி போகக்கூடாது, முன்னாடி ஏறி வந்து நம்ம கார்டோட சேந்து நாலாம் நம்பர மடக்கணும், பால் பன்னெண்டு கைக்கு போனா போகட்டும், அவன் போடட்டும் பாப்போம். இன்னொண்ணு, நாலாம் நம்பர எப்பவும் அவனோட வலது கை பக்கமா தள்ளுங்க. லெஃப்ட்ல போனா அவன நிறுத்த முடியல, ரைட்ல போனா பாஸ் குடுக்கதான் பாக்குறான்.

அடுத்து நம்ம அட்டாக். அவங்க ஃபுல் கோர்ட் பிரஸ் போடுறாங்க, அதாவது நம்ம பக்கத்துல இருந்தே பாலுக்கு வந்து நெருக்குறாங்க, நம்ம பாயின்ட் கார்ட் தனியா அவ்ளோ பேர தாண்டி, நடுக்கோட தாண்ட இருக்குற 8 செகண்ட் முடியுற நேரத்துலதான் ஹாஃப் கோர்ட் வர்றான், அப்பறம் ப்ளே சொல்லி ஆளுங்க எடத்துக்கு வர்றதுக்குள்ள ஷாட் போட இருக்குற 24 செகண்ட்ல பத்து கூட மிச்சம் இல்ல, யார் கைல பால் இருக்கோ அவன் தூக்கி போடுறான். பால் கொண்டு வர இன்னொருத்தன் வேணும். பெஞ்ச்ல இருக்குற லாஸ்பேட்டை பையன், ஏழாம் நம்பர், அவன முதல் அஞ்சுல எறக்குங்க. குட்டையா இருக்கான்னு யோசிக்காதீங்க சார். 2011 NBA ஃபைனல்ஸ்ல டல்லஸ் மியாமிகிட்ட 2-1 பின்னாடி இருக்கும்போது டல்லஸ் கோச் ரிக் கார்லைல் அந்த டீம்லயே குட்டையான பரேயாவ நாலாவது மேட்ச்ல ஸ்டார்ட் பண்ண வெச்சாரு, அடுத்த மூணும் டல்லஸ்தான். பிரஸ் வரும்போது பதினஞ்சு ஓடிப்போய் ரிங் கிட்ட நிக்காம நடுக்கோடு கிட்ட கைய தூக்கி நின்னாலே போதும், தலைக்கு மேல ஒரு பாஸ், பிரஸ் ஒடஞ்சிடும்.

ஏழு உள்ள வந்தா இன்னொரு நல்லதும் நடக்கும், அஞ்சு பேரே மேட்ச் முழுக்க ஆடுறது கொறையும். நம்ம ஊரு வெயில் காலத்துல சாயங்காலம் ஆனாலும் காத்துல ஈரம் பிசுபிசுன்னு ஒட்டுது, கடலூர்லயும் அதே கடல் அதே புழுக்கம்தான். நாலாவது குவார்ட்டர்ல நம்ம ஷாட் எல்லாம் ரிங்கோட முன் விளிம்புல அடிச்சு திரும்புச்சு, அது கண்ணு தப்பு இல்ல, கால்ல தெம்பு இல்ல. ரெண்டாவது குவார்ட்டர்லயே எட்டு பேர சுத்தி விடுங்க.

டைம் அவுட் பத்தி கோவிச்சுக்காம கேளுங்க. முதல் பாதிக்கு ரெண்டு, ரெண்டாவது பாதிக்கு மூணு, முதல் பாதில எடுக்காதது அப்பறம் வராது. போன மேட்ச்ல அவங்க வரிசையா போட்டுக்கிட்டே போகும்போது பசங்க எல்லாரும் உங்களயே திரும்பி திரும்பி பாத்தாங்க. ரெண்டு பாஸ்கட் தொடர்ந்து விழுந்தா கூப்ட்டுடுங்க, அந்த ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினா கூட போதும்.

பதினஞ்சாம் நம்பர் தம்பி, உன்ன மாத்தி வேற ஆளுக்கு போடுறது உன்ன கொறைச்சு சொல்றது இல்லப்பா, உன்ன ரிங் கிட்டயே வெச்சிருக்கதான் இவ்ளோவும். ஒன்பது, நாலாம் நம்பர் கிட்ட பாதி கோர்ட்ல கை நீட்டி ஃபவுல் பண்ணாத, குவார்ட்டர்ல அஞ்சாவது ஃபவுல்ல இருந்து அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ.

சார், கடலூர் போறதுக்கு முன்னாடி இருக்குற ப்ராக்டீஸ்ல பசங்கள ரவுண்டு ஓட விடாதீங்க. அந்த ஒரு ஸ்க்ரீன மட்டும் எடுத்து, பெஞ்ச் பசங்கள நாலாம் நம்பராவும் பன்னெண்டாம் நம்பராவும் நிக்க வெச்சு, முதல்ல நடந்தே பண்ண சொல்லுங்க, அப்பறம் வேகமா, யாரு எங்க போகணும்னு வாய் விட்டு கத்தி சொல்லிக்கிட்டே. நாங்க இருபத்தி ரெண்டு கிலோமீட்டர் வண்டி கட்டிக்கிட்டு வர்றோம், சவுண்டுக்கு நாங்க பொறுப்பு.