தண்ணீரில் முக்கும் நாற்காலி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. நாடகக் குழு மறுபடி கூடிவிட்டதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சூனியக்காரியா என்று சோதிக்க நாற்காலியில் முக்குவதாக எழுதியிருக்கிறாயே, அந்த ஆற்றங்கரைக் காட்சியில் மட்டும் ஒன்றை மாற்றிவிடு. இரண்டும் வேறு வேறு. கைகால் கட்டி ஆற்றில் இறக்குவது சூனியக்காரியா என்று பார்க்கும் சோதனை, மிதந்தால் குற்றவாளி. நாற்காலியில் வைத்து முக்குவது தீர்ப்புக்குப் பிறகு வரும் தண்டனை. இங்கிலாந்தில் பெரும்பாலும் ‘வாயாடி’ என்று வழக்குப் போட்டே பெண்களை இதில் ஏற்றினார்கள். அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது 1967இல்தான்.

அமைப்பு நம் கிணற்று ஏற்றம் மாதிரி. கரையில் நட்ட ஒரு கம்பம், அதன் தலையில் ஏறி இறங்கும் துலா மரம். மிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1698இல் வெளியிட்ட வர்ணனைப்படி, அந்தத் துலா என்பது இணையாகப் போகும் இரண்டு உத்தரங்கள், 12 முதல் 15 அடி நீளம். அவற்றின் நுனியில் நாற்காலி ஒரு அச்சில் ஆடும். துலா எப்படிச் சாய்ந்தாலும் இருக்கை நிமிர்ந்தே நிற்பது அதனால்தான். உன் தச்சர் அச்சை விட்டுவிட்டு ஆணியடித்து இறுக்கினால், துலா தாழும்போது உட்கார்ந்திருப்பவள் முன்பக்கம் கவிழ்வாள்.

பாரத்தையும் கணக்கிட்டுக்கொள். ஆள் 60 கிலோ, நாற்காலி 15 கிலோ. நாற்காலிப் பக்கம் 10 அடி, கரையில் நிற்பவர்கள் இழுக்கும் வால் பக்கம் 5 அடி என்றால், வாலில் 150 கிலோ இழுவை வேண்டும். மூன்று நான்கு பேர் கயிற்றில் தொங்கவேண்டும். நீருக்குள் உடம்பு கனக்காது. மேலே எழும்பும்போதுதான் நனைந்த கம்பளித் துணியோடு முழுப் பாரமும் வரும். அங்கே கை சோர்ந்தால் அவள் அடியிலேயே இருப்பாள். மேடையில் ஆள் இழுப்பதற்குப் பதில் வாலில் மணல் மூட்டை கட்டுவாய் அல்லவா? நடிகை இறங்குமுன் துலாவுக்கு முளை செருகிப் பூட்டிவிடு. இல்லையென்றால் நாற்காலி எகிறி, வால் கீழே நிற்பவர் தலையில் விழும்.

அந்தக் காலத்தில் இதற்கு என்ன செலவு என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தின் கிங்ஸ்டன் ஊரின் 1572ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது: செய்கூலி 8 ஷில்லிங், இரும்பு வேலை 3, மரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ், பித்தளையும் மூன்று சக்கரமும் 4 ஷில்லிங் 10 பென்ஸ். மொத்தம் 1 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்). ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் கருவிக்கு ஊர்ப்பணத்தில் இப்படிப் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதே ஊரில் 1745இல் ஒரு மதுக்கடைக்காரியை முக்கியபோது இரண்டு மூன்றாயிரம் பேர் கூடி நின்றார்கள்.

குளிர்நீர் சட்டென்று பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். தலை நீருக்குள் இருக்கும்போது அது நேர்ந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். நடிகை இருமட்டும், கத்தவேண்டாம்; அந்த நேரத்தில் குரல் வராது.

இங்கிலாந்திலேயே லெம்ஸ்டர் என்ற ஊரின் நாற்காலி சக்கரம் வைத்தது, அங்குள்ள பழைய தேவாலயத்தில் இன்றும் நிற்கிறது. 1817இல் சாரா லீக் என்பவளை அதில் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். ஆற்றில் தண்ணீர் போதாததால் முக்க முடியவில்லை. அந்த ஊர்வலமே தண்டனையில் பாதி. காட்சியில் அதற்குக் கூடுதல் நேரம் கொடு.

வசனம் எழுதும்போது ஜென்னி பைப்ஸை நினைத்துக்கொள். இங்கிலாந்தில் கடைசியாக முக்கப்பட்டதாகப் பதிவானவள் அவள், 1809இல், அதே லெம்ஸ்டரில். கட்டை அவிழ்த்ததும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது நீதிபதிகளுக்கு வசவு.

துலாவின் அளவு முடிவானதும் எழுது.

அன்புடன்,
சாரதா