‘முதுகு பலம் பரவாயில்லை’ என்று எழுதும் சக பிசியோதெரபிஸ்டுகளுக்கு

வணக்கம்.

வேறு இடத்தில் சிகிச்சை பார்த்துவிட்டு வரும் முதுகுவலிக்காரர்களின் ஃபைலைப் புரட்டினால், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் பக்கம் பக்கமாக இருக்கும். முதுகுத் தசையின் பலத்துக்கு ஒரே வரிதான்: “4/5”. சில ஃபைல்களில் வெறும் “பரவாயில்லை”.

கையால் அழுத்தி 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது, நரம்பு நசுங்கிக் கால் பலமிழக்கிறதா என்று பார்க்க உதவும். நாள் முழுக்க உடம்பைத் தாங்கும் முதுகுத் தசைக்கு அது போதாது. 4 என்ற ஒரே எண்ணுக்குள் எவ்வளவோ பேர் அடங்கிவிடுகிறார்கள். தவிர, அந்தத் தசை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்?

ஐசோகைனடிக் மெஷினுக்கு (ஒரே வேகத்தில் அசையவைத்துத் தசை பலத்தை அளக்கும் கருவி) எங்கே போவது என்பீர்கள். சரி, அது வேண்டாம். டென்மார்க் மருத்துவர் பியரிங்-சோரன்சன் 1984-இல் எழுதிய சோதனைக்கு ஒரு மேசை, பட்டைகள், ஸ்டாப்வாட்ச் போதும். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மேசை ஓரத்தில் வரும்படி வைத்து, கால்களைக் கட்டிவிட்டு, கைகளை மார்பில் மடித்து, மேசைக்கு வெளியே நீளும் மேலுடம்பைக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொல்லி, எத்தனை நொடி தாங்குகிறார் என்று அளக்கிறோம். 240 நொடியைத் தொட்டால் நிறுத்திவிடலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும் சேர்ந்தே உழைக்கின்றன. மேலுடம்பு கனமானவர் சீக்கிரம் தளர்வார். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று பக்கத்தில் நின்று கத்துபவருக்கும் சும்மா நிற்பவருக்கும் கிடைக்கும் எண் ஒன்றாக இருக்காது (நம்மில் கத்துபவர்கள்தான் அதிகம்!). எல்லாவற்றையும்விட, அவர் ஏன் நிறுத்தினார்? தசை தளர்ந்தா, வலித்தா, ‘டிஸ்க் நகர்ந்துவிடுமோ’ என்ற பயத்திலா? பயந்து 30 நொடியில் நிறுத்தியவரை ‘பலமில்லை’ என்று முத்திரை குத்தி வெயிட் தூக்க வைத்தால் அவருடைய பயம்தான் வளரும்.

எலும்பு முறிவு, கடுமையான எலும்புத் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் இதைத் தொடவே வேண்டாம். சிறுநீர் கட்டுப்பாடு போயிருந்தால் அளப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கு ஃபைலில் இப்படி எழுதி அனுப்புங்கள்: “62 நொடி. இடது இடுப்பில் வலி வந்து நிறுத்தினார், வலி 10-க்கு 6. கால்களில் மூன்று பட்டை. ஊக்கப்படுத்தவில்லை.” ஆறு வாரம் கழித்து அவர் என்னிடம் வந்தால், நானும் அதே மூன்று பட்டையைக் கட்டி, வாயை மூடிக்கொண்டு அளப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சக பிசியோதெரபிஸ்ட்