டோக்கன் போன பிறகு

தென்காசி,
ஐப்பசி மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் காரியங்கள் முடிந்த பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். மகளும் திருமணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். இதற்கிடையே நீ ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் நிலையத்தில், சிக்னல்களைப் பொத்தானால் இயக்கும் பழைய பேனலை எடுத்துவிட்டு, கணினித் திரையில் இயக்கும் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் போடப் போகிறார்கள். மூன்றும் ஒரே வருடத்தில் வந்தால் யாருக்குத்தான் மனம் ஆடாது? பேசாமல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. ஏன் என்பதைத்தான் விவரமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) நிலையத்தை நினைத்துப் பார். மேஜைக்குப் பக்கத்தில் நீல்ஸ் டோக்கன் கருவி. மணி அடித்து அடுத்த நிலையத்தைக் கூப்பிடுவோம். வண்டி எண்ணைச் சொல்லி லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்போம். அங்கிருப்பவர் சம்மதித்து, தன் பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் இங்கே கைப்பிடி திரும்பும். வண்டிக்கு அனுமதியான டோக்கன், ஒரு எஃகு உருண்டை, கடகடவென்று உருண்டு வந்து விழும். அதில் பொறித்திருக்கும் இரண்டு நிலையங்களின் பெயரையும் விளக்கடியில் பிடித்துப் படித்துவிட்டு, பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு நிலைய உதவியாளரான பாயின்ட்ஸ்மேனிடம் கொடுப்போம். நிற்காத வண்டி என்றால் அவர் பிளாட்பாரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, இஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாரிக்கொண்டு போகும். அந்த உருண்டை அடுத்த நிலையத்துக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்றை எடுக்க முடியாது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் புறப்பட்டுவிடாமல் காத்தது அந்த ஏற்பாடுதான்.

மழை இரவில் அந்த உருண்டையின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறும். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கக் கூடாது என்று யாராவது உனக்குச் சொன்னால் கேட்காதே. கையால் கற்ற வேலை கையை விட்டுப் போகும்போது துக்கம் வருவது இயல்பு. நீ அதை வெட்கப்பட்டுக்கொண்டு எழுதியிருந்தாய், எதற்கு வெட்கம்?

1992இல் பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் ஒரே கேஜ் திட்டம் வந்தது முதல் நம் தெற்கத்திப் பாதைகள் ஒவ்வொன்றாக மாறின. செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் 2010 செப்டம்பரில் வண்டி நின்று, 2018இல்தான் அகலப்பாதையாக மறுபடி ஓடியது. போடிக்கு 2010 கடைசியில் நின்றது, 2023 ஜூனில் திரும்ப வந்தது. கைகாட்டி மரங்கள் போயின, விளக்கேற்ற ஏணியோடு போனவர்கள் போனார்கள், அவற்றைக் கம்பியால் இழுத்த லீவர் போயிற்று. நானும் பேனலுக்கு மாறினேன். முதல் வாரங்களில் பொத்தானை அழுத்திவிட்டு, பாயின்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடம், உண்மையிலேயே திரும்பியதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். லீவரை இழுக்கும்போது கம்பியின் கனம் கையில் தெரியும். பொத்தானில் ஒன்றுமே தெரியாது.

எனக்குத் துணையாக நின்றது பயிற்சி வகுப்பு மட்டும் இல்லை. சிக்னல் பராமரிப்பாளர் வரும்போதெல்லாம் கூடவே தண்டவாளத்துக்குப் போய் நின்றேன். ஆக்சில் கவுன்ட்டர் சக்கரங்களை எப்படி எண்ணுகிறது, உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் சரியாக இருந்தால்தான் தடம் காலி என்று ஏன் காட்டுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டி முழுதாக வந்துவிட்டதா என்று அறிய, கடைசிப் பெட்டியின் 'எல்.வி.' பலகையை நாம் கண்ணால் தேடினோமே, அதே வேலைதான். முன்பு கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தக் கருவியும் கேட்கிறது என்று புரிந்த அன்று எனக்குப் பயம் போய்விட்டது. புதியது நம் காலத்தை விடப் பாதுகாப்பானது, இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஆளுக்கு வேலை இல்லை என்று மட்டும் எண்ணிவிடாதே. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் அருகே நடந்த ரயில் விபத்து உனக்குத் தெரியும். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் இருந்த குறைகளே காரணம் என்று விசாரணை சொன்னது. கருவியைத் துண்டித்து வேலை பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கையெழுத்துப் போடுங்கள்" என்று இரவு இரண்டு மணிக்கு ஒருவர் காகிதத்தை நீட்டும்போது, சோதித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்ல ஆள் வேண்டும். நீ அப்படிச் சொல்கிறவன். உன்னோடு வேலை பார்த்ததால் எனக்குத் தெரியும். மவுஸ் பிடிக்கப் பழகுவதற்கு ஒரு மாதம் போதும். இந்தப் பிடிவாதம் வருவதற்கு எத்தனையோ வருடம் ஆகும். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் திரையைக் கற்றுக்கொள். பதிலுக்கு இதை அவர்களுக்குக் கற்றுக்கொடு.

வீட்டு விஷயம். மகள் சொன்னாள் என்று இப்போதே வீட்டை விற்றுப் பெங்களூர் போகாதே. அம்மாவின் கட்டில் அங்கேயே கிடக்கட்டும். துக்கத்தில் எடுக்கும் முடிவும் கோபத்தில் எடுக்கும் முடிவும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. ஒரு வருடம் போகட்டும். உன் மனைவி, என் தங்கச்சி, என்ன நினைக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். அவளுக்கும் பகல் முழுக்க வேலை இல்லாமல் போயிருக்கும். முதலில் அவளிடம் கேள்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இரவுப் பணியின் பழக்கம் விடவில்லை, இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மாலையில் ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். கணக்குச் சொல்லித் தருகிறேன். என் மனைவிக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். அண்ணனை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தை பிறந்ததும் இருவரும் புறப்பட்டு வாருங்கள். உன் ரயில்வே பாஸில் இந்த வருடத்துக்கு இன்னும் மீதி இருக்குமே. செங்கோட்டையில் பகல் வண்டி ஏறி, பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டிப் புனலூர்வரை போய்வருவோம். அதற்குமுன் விருப்ப ஓய்வு மனுவை என்ன செய்தாய் என்று இரண்டு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி