ஹன்ட்ஸ்வில்லில் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர்,

அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் பிள்ளைகளுக்காக நடக்கும் விண்வெளிப் பயிற்சி முகாமான ஸ்பேஸ் கேம்பின் நிறைவு விழாவில், வெள்ளிக்கிழமை நாங்கள் பார்த்தது மேடையையும், கைதட்டலையும், மகள் சட்டையில் குத்திவிட்ட சிறகுச் சின்னத்தையும்தான். ஞாயிற்றுக்கிழமை அவளை விட்டுவிட்டு வந்ததிலிருந்து அந்த மேடைவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள். அன்றைய கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து நன்றி சொல்ல முடியவில்லை. பாதிப் பேர் விழாவிலேயே இல்லை, அடுத்த வேலைக்குப் போயிருந்தீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் அவளுடைய அணிப் பயிற்சியாளருக்கு. தம்பி, உங்களுக்குக் கல்லூரிப் பிள்ளை வயதுதான் இருக்கும். ஆனாலும் எங்களுக்கு வராத பொறுமை உங்களுக்கு இருக்கிறது. முகாமில் பிள்ளைகள் நடத்தும் பாவனை விண்வெளிப் பயணத்தில் விண்கலத்தின் கமாண்டர் ஆக வேண்டும் என்ற ஒரே கனவோடு வந்தவளுக்குக் கிடைத்தது கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி. அன்றிரவு போனில் பேசியபோது அழாத குறை. மறுநாள் அவளை, மனிதரை நிலவுக்கு அனுப்பிய வகையான சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு அடியில் கூட்டிப்போய் நீங்கள் சொன்னதை, விழா முடிந்ததும் எங்களையும் அதே இடத்துக்கு இழுத்துப்போய் அவள் ஒப்பித்தாள். அங்கே படுத்த வாக்கில் இருக்கும் அந்த 363 அடி ராக்கெட் ஒருநாளும் பறந்ததில்லையாம். 1966, 67இல் அதே ஊரில் இருக்கும் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில், உயரமான சோதனைக் கோபுரத்துக்குள் நிறுத்தி, பறக்கும்போது எப்படியெல்லாம் அதிருமோ அப்படியெல்லாம் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனை முடிந்த பிறகுதான் முதல் சாட்டர்ன் 5 மேலே போனது. நிலவுக்குப் போனவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

“எல்லா வேலையும் முக்கியம்தான் கண்ணு” என்று நாங்கள் சொல்லியிருந்தால் காதிலேயே வாங்கியிருக்க மாட்டாள். நீங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ராக்கெட்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டீர்கள் என்றாள். அதற்குத்தான் பெரிய நன்றி.

பாவனைப் பயணத்தின் நடுவில் நீங்கள் வேண்டுமென்றே ஒரு கோளாறைக் கிளப்பிவிட்டபோது, விண்கலத்துக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்களாமே. இவள் கையிலிருந்த செயல்முறைத் தாளை ஒவ்வொரு வரியாக வாசித்து, உள்ளிருந்து பதில் வரும்வரை அடுத்த வரிக்கே போகவில்லை என்று சொன்னீர்கள். வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் சொல்லாத பிள்ளையைப் பற்றியா பேசுகிறீர்கள் என்று ஒரு நிமிடம் சந்தேகமாகத்தான் இருந்தது!

தங்கும் விடுதியில் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கும், இன்ஹேலரை வாங்கி வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் கொடுத்த செவிலியர் அம்மாவுக்கும் நன்றி. சமையலறை அக்காமார்களே, சைவம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்ததைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. தட்டு காலியாகத் திரும்புகிறதா என்றுகூட நீங்கள் பார்த்தீர்களாம். மூன்று வளையங்களுக்குள் உட்காரவைத்துத் தலைகுப்புறச் சுழற்றும் அந்தக் கருவியில் ஏற பயந்தவளிடம், ஒரே திசையில் தொடர்ந்து சுற்றாது, வயிறும் நடுவிலேயே இருக்கும், அதனால் குமட்டாது என்று விளக்கிச் சொன்னவருக்கு ஒரு தனி வணக்கம். இறங்கியதும் இன்னொரு முறை ஏறலாமா என்று கேட்டாளாமே!

அவளுடைய பள்ளி அறிவியல் ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியது நிறைய. இந்த முகாமுக்கு உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே உங்கள் வாயால்தான் எங்களுக்குத் தெரியும். அதற்காக அவள் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரவில்லை, “இந்த வரி நீ எழுதியதா, உன் அப்பா எழுதியதா?” என்று மட்டும் கேட்டீர்கள். அப்பா எழுதிய வரிகள் எல்லாம் அன்றே அடிபட்டுப் போயின. நல்லதுதான்.

சின்னவனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களுடனேயே காரில் வந்த நண்பர் குடும்பத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம். விழாவில் அவன் பொறுமை இழந்ததும் நீங்கள் வெளியே தூக்கிப்போய் மிஸ் பேக்கரின் கல்லறையைக் காட்டியிருக்கிறீர்கள். 1959இல் ராக்கெட்டில் மேலே போய் உயிரோடு திரும்பி, 1984 வரை வாழ்ந்த குட்டி அணில் குரங்கு அது. வருகிறவர்கள் கல்லறை மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அக்காவின் விழாவைப் பற்றி அவனிடம் கேட்டால் இப்போதும் குரங்கைப் பற்றித்தான் சொல்கிறான்.

எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்த பெற்றோரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் போன் தகராறு செய்தபோது உங்கள் போனில் எடுத்து அனுப்பிய படம்தான் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. பதிலுக்கு அணிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படங்களை எல்லா வீடுகளுக்கும் இந்த வாரமே அனுப்புகிறோம்.

இன்னொன்று. பெட்டியைப் பிரித்தபோது எங்களுடையது அல்லாத ஒரு நீலத் துண்டும் இடது கால் சாக்ஸ் ஒன்றும் கிடைத்தன. துவைத்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று சொன்னால் படங்களோடு சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

நன்றியுடன்,
கட்டுப்பாட்டு அறைக்காரியின் அம்மாவும் அப்பாவும்