பேரீச்சம்பழத்துக்குப் போகும் போர்க்களங்கள்

ஆசிரியருக்கு,

ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் அருகே நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்கிறோம். 1806 புரட்சிக்கு அந்தத் தூணாவது இருக்கிறது. கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பழைய வடஆற்காடு மாவட்டத்தின் மற்றப் போர்க்களங்களை யார் பார்க்கிறார்கள்? 1749-இல் நவாப் அன்வருதீன் கான் மடிந்த ஆம்பூர், 1752-இல் கிளைவ் பிரெஞ்சுப் படையை முறியடித்த காவேரிப்பாக்கம், 1760 ஜனவரி 22-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய வந்தவாசி, 1781-இல் ஹைதர் அலி போரிட்ட சோளிங்கர் எல்லாமே வெட்டவெளிச் சண்டைகள். சுவரோ தூணோ இல்லாததால் அங்கே பாதுகாக்க எதுவுமில்லை என்று நினைத்துவிட்டோம். உழவுமண்ணில் ஒரு சாண் ஆழத்தில்தான் அவற்றின் சான்று கிடக்கிறது.

இந்த உண்மையை உலகம் உணர்ந்ததே சமீபத்தில்தான். அமெரிக்காவின் மொன்டானாவில் 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த புல்வெளி 1983-இல் தீப்பிடித்து எரிந்தது. புல் அழிந்து தரை தெரிந்ததும், 1984-இலும் 1985-இலும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் குழுவினர் மெட்டல் டிடெக்டர்களுடன் வரிசையாக நடந்து, ஒலி கேட்ட இடமெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளந்தார்கள். தோட்டாக் கூட்டில் துப்பாக்கியின் சுத்தி ஊசி பதித்த தடத்தை வைத்து, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்றுகூடச் சொன்னார்கள். அதே 1984-இல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் எலும்புகளைத் தேடும் பணியும் தொடங்கியது. பதுங்குகுழி, சிறை முகாம், கூட்டுப் புதைகுழி எல்லாம் இன்று, போரும் வன்முறையும் நடந்த இடங்களை மண்ணில் ஆராயும் மோதல் தொல்லியலில் அடக்கம்.

நம் 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் உலோகத் தோட்டாக் கூடு கிடையாது. ஆனால் ஈயக்குண்டு உண்டு. அதற்கு ஒரு தராசு போதும். குண்டின் எடையைக் கிராமில் எடுத்து, அதன் கனமூலத்தை 5.67-ஆல் பெருக்கினால் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். நசுங்கிய குண்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 19 மி.மீ.; அதன் குண்டு ஏறக்குறைய 30 கிராம். பிரெஞ்சுக் குழல் சுமார் 17.5 மி.மீ.; குண்டு 25 கிராம் அளவில் இருக்கும். இடையில் 27, 28 கிராம் காட்டுபவற்றைத் தனியே வையுங்கள், அவசரப்பட்டு இன்னாருடையது என்று எழுத வேண்டாம். பிடிபட்ட துப்பாக்கியை இரு தரப்பும் பயன்படுத்தியதுண்டு.

எடையைவிட முக்கியம் வடிவம். வார்ப்பு விளிம்பும் ஈயம் ஊற்றிய வாயின் தழும்பும் மழுங்காமல் உருண்டையாக இருந்தால், அது பெரும்பாலும் சுடாமல் கைதவறி விழுந்த குண்டு. படைவீரன் நின்று மருந்து இடித்த இடம் அது. தட்டையாக நசுங்கியிருந்தால் அது போய்ப் பட்ட குண்டு. முதல் வகை ஒரு பட்டையாகவும், இரண்டாவது வகை சற்றுத் தள்ளி இன்னொரு பட்டையாகவும் கிடந்தால் படையணி நின்ற கோடு வரைபடத்தில் தெரியும். வந்தவாசியில் பிரெஞ்சு இடதுபுறம் வெடிமருந்து வண்டி ஒன்று பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தது. உருகிய ஈயமும் சிதறிய இரும்பும் ஓரிடத்தில் குவிந்து கிடைத்தால், எழுத்துச் சான்றை மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடப்பதற்கும் முறை உண்டு. முதல் சுற்றில் 10 மீட்டருக்கு ஒரு தடம் போதும். ஏக்கருக்கு 400 மீட்டர் நடை. குண்டு கிடைக்கும் புலத்தில் 2.5 மீட்டராகக் குறைத்தால் ஏக்கருக்கு 1.6 கிலோமீட்டர். சர்வே எண் வாரியாகப் புலப்படத்தில் குறிக்க வேண்டும். எதுவும் கிடைக்காத தடத்தையும் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் வெற்றிடம் எது, நடக்காத இடம் எது என்று பிறகு யாருக்கும் தெரியாது. கருவியில் இரும்பை ஒதுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆணித் தொல்லைக்குப் பயந்து அதைப் போட்டால் பீரங்கியின் சிறு இரும்புக் குண்டுகளும் லாடங்களும் போய்விடும். நம் செம்மண்ணும் கருங்கல் சல்லியும் பொய் ஒலி தரும் என்பதால், ஒவ்வொரு புலத்திலும் கருவியை அந்த மண்ணுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் ஏரி வண்டலால்தான். வண்டல் அடித்த நிலத்தில் கிடைக்கும் குண்டு ஏரியிலிருந்து வண்டியேறி வந்ததாக இருக்கலாம். ஆகவே எந்த நிலத்தில் எந்த ஏரி மண் கொட்டினார்கள் என்று உழவரைக் கேட்காமல் கருவியைத் தூக்கக் கூடாது. எடுத்த குண்டைப் புளி போட்டுத் தேய்ப்பது அடுத்த தவறு. மேலிருக்கும் வெளிறிய படலத்தோடு தடயமும் போகும். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்தால் அவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை மாவாக்கிவிடும். மூடியுள்ள பாலிதீன் டப்பா நல்லது.

ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவர்களிடம் எத்தனை குண்டு போயிற்றோ! இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பவர்கள், புதையல் ஆசையில் டிடெக்டர் வாங்கி இரவில் வயலில் இறங்குபவர்கள். இடம் குறிக்காமல் எடுத்த குண்டு பழைய ஈய விலைதான் பெறும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

மாநிலத் தொல்லியல் துறை உரிய அனுமதியோடு, கல்லூரி வரலாற்றுத் துறைகளைச் சேர்த்துக்கொண்டு இந்த நடை ஆய்வைச் செய்ய வேண்டும். மேற்சொன்ன ஊர்களில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முன் ஒருமுறை நடந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வந்தவாசியில் தொடங்கலாம். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடிந்து, அடுத்த உழவுக்கு ஏர் இறங்கும் வரை கிடைக்கும் சில வாரங்களே இதற்கு ஏற்ற காலம்.

இப்படிக்கு,
வரலாற்றுக் களஆய்வு வாசகர்கள்,
வேலூர்.